இடது பக்கத்தில் எழுதியது

...திருடினால் திருடியதாகவே இருந்துவிட்டுப் போக வேண்டியதுதானே, அதன் மேல் கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டு, பறிகொடுத்தவளுக்கே தபாலில் அனுப்பி வைக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும், அதுவும் ஒரு போலீஸ்காரருக்கு, முப்பத்துநாலு வருஷம் திருடர்களைப் பிடித்தே சம்பளம் வாங்கி ஓய்வுபெற்ற ஓர் இன்ஸ்பெக்டருக்கு... அவர் எழுதிய நாவலில் எண்பத்தெட்டாம் பக்கம். நான்கு நாளாகப் பூட்டிக் கிடக்கும் வீடு, உள்ளறையில் பிணம், கொளுத்துகிற கோடை, மொட்டை மாடியில் பதினோரு தொட்டிச் செடிகள், அத்தனையிலும் ஈரம். கொன்றவளே தினமும் வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள். என்னுடையது! என்னுடைய மூன்றாவது நாவலின் ஏழாவது அத்தியாயம். பதினாறு வருஷமாக எந்த மேடையில் ஏறினாலும் யாராவது ஒருவர் எழுந்து, அந்தச் செடி விஷயம் எப்படித் தோணிச்சு மேடம் என்று கேட்பார், குளிக்கும்போது தோன்றியது, தலையில் ஷாம்பு நுரையோடு ஓடிவந்து எழுதி வைத்தேன் என்று நானும் சொல்வேன், சிரிப்பார்கள், கைதட்டுவார்கள். தொட்டிகளின் எண்ணிக்கையைக்கூட மாற்றத் தோன்றவில்லையே அந்த மனிதருக்கு, பதினொன்று என்றால் பதினொன்றேதானா, ஒரு பத்து, ஒரு பன்னிரண்டு கிடைக்கவில்லையா? நேற்று மாலை புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். அட்டை மடங்கிவிட்டது. மடங்கட்டும்.

முதல் பக்கத்தில் நீல மையில் எழுதியிருக்கிறார், போலீஸ் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் விறைப்பாக நிற்கிறது: ‘மேடத்துக்கு, இத்தனை நாள் செடிகளைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி.’ என்ன கொழுப்பு. என் வீட்டுக்குள் புகுந்து எடுத்துக்கொண்டு போகிறவர் வாசலில் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். அதையும் விடவில்லை நான், மதிப்புரையிலேயே அப்படியே எடுத்துப் போட்டுவிட்டேன், ‘இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலத்தை இந்த முன்னாள் அதிகாரி தன் பணிக்காலத்தில்கூட வாங்கியிருக்க மாட்டார்’ என்று. எழுநூறு வார்த்தை. காலை பத்து மணிக்கே அனுப்பியாயிற்று. பத்தரைக்கு ஞாயிறு இணைப்பின் ஆசிரியர் கூப்பிட்டார், குரலில் அப்படி ஒரு குஷி, மூன்று வருஷமாக நான் எழுதும் மதிப்புரையைக் கடைசிப் பக்கத்தில் மருந்துக்கடை விளம்பரத்துக்குக் கீழே ஒட்டவைத்த ஆள், முதல் பக்கம் மேடம், உங்க போட்டோவோட மேடம் என்கிறார். நல்ல நாவலைப் பற்றி உருகி உருகி எழுதினேனே, அப்போதெல்லாம் எங்கே போயிருந்தது அந்த முதல் பக்கம்? ஒரு மனிதனின் கழுத்தைப் பிடித்தால்தான் இடம் கிடைக்குமா? ஒன்றரைக்கு மறுபடியும் கூப்பிட்டார். “எங்க பத்திரிகை வக்கீல் ஒண்ணு கேக்கறார் மேடம். உங்க பழைய நோட்டுல, உங்க கையெழுத்துல, தேதியோட அந்த இடம் இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பக்கத்துலயே போட்டுடலாம், அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது. நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது.” இதோ அனுப்புகிறேன் என்றேன். என்னிடம் இல்லாத நோட்டா.

நோட்டுகள் பீரோவின் மேல்தட்டில்தான் இருந்தன, தங்கை அவற்றை எங்கே தூக்கி வைத்தாளோ... அவளுக்கு எதையும் வைத்த இடத்தில் விட மனம் வராது, என் புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்ப்பவள், காற்புள்ளியைக்கூட இடம் மாற்றி வைத்துவிட்டுத்தான் தூங்குவாள். ஸ்டூல் போட்டு ஏறினால் மேலே கம்பளி, பழைய மின்விசிறி, என் முதல் நாவலின் விற்காத நாற்பது பிரதிகள், தூசு. தும்மலோடு கத்தினேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள். காலையில் மதிப்புரையைப் படித்ததிலிருந்தே அவள் முகம் சரியில்லை. “அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? அந்தச் செடி விஷயம்... போன்ல யாரோ சொல்ல, நீ உம் உம்னு எழுதிக்கிட்ட மாதிரி எனக்கு ஒரு ஞாபகம்.” ஞாபகமாம்! போன மாதம் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியவளுக்குப் பதினாறு வருஷத்து ஞாபகம். வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். என்ன கேட்டேன் என்று எனக்கே இப்போது நினைவில்லை, அவள் உள்ளே போனது மட்டும் நினைவிருக்கிறது. குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஒழுங்கானவள். அதுதான் என் கோபமே. என் நோட்டில் இடது பக்கம் கேட்டது, வலது பக்கம் கட்டியது, முதல் நாவலிலிருந்து அதுதான் வழக்கம். யாராவது சொன்னது, கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்தது, பிணவறை ஊழியர் வாய் தவறி உளறியது எல்லாம் இடது பக்கம், சொன்னவர் சொன்ன வார்த்தையிலேயே, தேதியோடு. அதை வைத்து நானாக என்ன கட்டினேனோ அது வலது பக்கம். அந்த இன்ஸ்பெக்டரே எத்தனை இடது பக்கங்களை நிறைத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு நாளாவது மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஸ்டேஷனிலிருந்து போன் வரும், பின்னால் டைப்ரைட்டர் சத்தம், சொல்லுங்க மேடம், இன்னிக்கு யாரைக் கொல்லணும் என்பார். பிணம் எத்தனை மணி நேரத்தில் விறைக்கும், பூட்டை உடைத்தால் கீறல் எந்தப் பக்கம் விழும், விசாரணையில் நாற்காலியை எங்கே போடுவீர்கள்... எதைக் கேட்டாலும் சலிக்காமல் சொல்வார். “தப்புப் பண்ணாதவன் முதல்ல முழிப்பான் மேடம், ஒண்ணும் புரியாது அவனுக்கு. பண்ணினவன்தான் முதல்ல சத்தம் போடுவான்.” அதைக்கூட ஐந்தாவது நாவலில் வைத்தேன். நன்றிப் பக்கத்தில் ‘ஒரு நண்பர்’ என்று போட்டேன், பெயர் போட்டால் அவர் வேலைக்கு ஆபத்து என்று நானே முடிவு செய்துகொண்டேன்... அவரைக் கேட்டேனா? கேட்கவில்லை. செடி நாவல் வந்த பிறகு அவர் போன் குறைந்தது. அப்புறம் நின்றே போனது. மாற்றலாகிப் போயிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேனா, அல்லது நினைத்துக்கொள்வது வசதியாக இருந்ததா? சே, இதென்ன கேள்வி, திருடியவர் அவர், குறுக்கு விசாரணை எனக்கா?

பெட்டியில் ஆறாவதாகக் கையில் வந்தது அந்த வருஷத்து நோட்டு, பச்சை அட்டை, முதுகில் ஒட்டிய டேப் பழுத்துப் போயிருக்கிறது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, போன் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு புரட்டினேன். மணி மூன்றரை. வலது பக்கங்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டு போனேன், கட்டியது, கட்டியது, கட்டியது, விஷம், ரயில் டிக்கெட், இரட்டைச் சாவி, எல்லாம் இருக்கிறது, செடி மட்டும் இல்லை. கடைசி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அப்போதுதான் நடுவில் ஒரு வலது பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். நான் பக்கத்தை வீணாக்குகிறவள் இல்லையே. அதன் இடது பக்கத்தில் என் கையெழுத்து, அவசரத்தில் சாய்ந்த கையெழுத்து, தேதி, பக்கத்தில் இன்ஸ்பெக்டர் என்று. ‘பதினொரு தொட்டி மேடம், நானே எண்ணினேன். எல்லாத்துலயும் ஈரம். ஆளைக் கொன்னவளுக்குச் செடி வாடறதைப் பார்க்க மனசு வரலை. ரிப்போர்ட்ல நான் அதை எழுதலை. எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க, சிரிப்பாங்க. இதை மட்டும் நீங்க எடுத்துக்காதீங்க மேடம். ரிட்டயர் ஆனதும் நானே எழுதணும்னு வச்சிருக்கேன்.’ கடைசி இரண்டு வரிகளுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன். மறந்துவிடக் கூடாது என்று நானே போட்ட கோடு. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை, எவ்வளவு ஒழுங்கானவள் நான். எதிர்ப்பக்கத்தில் கட்டுவதற்கு என்னிடம் எதுவுமே இருந்திருக்கவில்லை. அப்படியே எடுத்து நாவலில் வைத்திருக்கிறேன், பதினோரு தொட்டிகளோடு. ஷாம்பு நுரையை எப்போது கட்டினேன்? எந்த மேடையில்? முதல் தடவை சொன்னபோது அது பொய் என்று தெரிந்துதானே சொல்லியிருப்பேன், எத்தனையாவது தடவையில் அது நடந்ததாக ஆனது? தலையில் நுரை, தரையில் ஈரப் பாதம், இப்போதுகூடக் கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்கு என்ன செய்வது?

மூன்று ஐம்பதுக்கு போன் அடித்தது. “மேடம், போட்டோ?” மதிப்புரையில் அந்தச் செடித் திருட்டுப் பத்தியை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுப்பதா, தலைப்பே அதில்தானே இருக்கிறது, ஏன் என்றார். “நோட்டு... கிடைக்கலை.” எவ்வளவு சுலபமாக வருகிறது பார், மடியில் நோட்டு விரிந்து கிடக்கும்போதே வருகிறது. வாசலில் தங்கை வந்து நின்றாள். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போனில் ஆசிரியர் சிரித்தார், “இவ்வளவுதானா? வக்கீல்கிட்ட நான் பேசிக்கறேன். நோட்டு இல்லாட்டி என்ன மேடம், உங்க வார்த்தை போதாதா? உங்களை யார் சந்தேகப்படப் போறா?” யார் சந்தேகப்படப் போகிறார்கள்... அந்த மனிதர் எங்கோ ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பேப்பரை எடுக்க வாசலுக்கு வருவார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார், தன் முதல் புத்தகத்தைப் பற்றி மேடம் எழுதியிருக்கிறாரே என்று நின்றபடியே படிப்பார். அவரிடம் ரிப்போர்ட் கிடையாது, சாட்சி கிடையாது, அந்த ஈரம் இருப்பது இந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான். தங்கை என் காலடியில் கிடந்த அவருடைய புத்தகத்தை எடுத்து, மடங்கிய அட்டையை விரலால் நீவி, முதல் பக்கத்தைத் திறந்து படித்தாள். “இது நக்கல் மாதிரி தெரியலையேக்கா” என்றாள் மெதுவாக. நக்கல் இல்லையென்றால் பின்னே என்ன? மன்னித்துவிட்டாரா? மன்னிக்கச் சொல்லி நான் கேட்டேனா அவரை? போனில் ஆசிரியர், மேடம், லைன்ல இருக்கீங்களா, ஆறு நிமிஷம்தான் இருக்கு, வச்சிடட்டுமா என்றார்.

“அந்தப் பத்தியை எடுங்கன்னு சொன்னா எடுங்க!”

“எடுக்கறேன் மேடம், காரணத்தை மட்டும் சொல்லுங்க, மேலே பதில் சொல்லணும் நான்” என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, “அதுக்கு ஏன் மேடம் இப்படிச் சத்தம் போடறீங்க?”

தங்கை புத்தகத்தை மூடினாள். நேற்று எண்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பியதும், சுவரில் எறிவதற்கு முன்னால், அரை நொடி, அரை நொடிகூட இருக்காது, என் உள்ளங்கை வேர்த்தது ஞாபகம் வருகிறது. அப்போது எனக்கு இன்னும் கோபம் வந்திருக்கவில்லை.