சம்மதத்துக்கு அரை மாத்திரை

பதற்றத்தை அடக்கும் இந்த மாத்திரையின் பெயர் அக்காவுக்கு எப்படித் தெரிந்தது? தலைவலித் தைலத்தையே 'அந்தப் பச்சை பாட்டில்' என்று கேட்கிறவள் ஆயிற்றே.

ஜான்சி அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு அவள்தான் மருந்தாளுநர். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா மெட்டில்டா பூப்பையோடு நின்றாள். மறுநாள் காலை அவள் மகள் ரோஸிக்குக் கல்யாணம்.

"ரெண்டு நாளா கை நடுங்குதுடி அவளுக்கு. சோறு எறங்கல. மாப்பிள்ள பேரச் சொன்னாலே மூஞ்சி வெளுத்துப்போவுது. சர்ச்சுல மயங்கி வுழுந்துட்டா மானம் போயிடும். ஒண்ணே ஒண்ணு குடு."

"டாக்டர் சீட்டு?"

"தங்கச்சியே மெடிக்கல்ல இருக்கா, எனக்கு எதுக்குடி சீட்டு? ரொம்பதான் பேஜார் பண்ற."

ஜான்சிக்குச் சிரிப்பு வந்தது. பழக்கத்தில் கை இழுப்பறையைத் திறந்துவிட்டது. மாத்திரை அட்டை மேலேயே இருந்தது.

பரபரக்கும் மூளையை அமர்த்த மூளையிலேயே ஒரு பிரேக் உண்டு. இந்த மாத்திரை அதை இன்னும் அழுத்திப் பிடிக்கும். காரணமில்லாமல் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். வலிப்பு நிற்காதவர்களுக்கும் ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கும் இதே இனத்து மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் காரணமுள்ள பயம் எது, இல்லாத பயம் எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றுபோல அமுக்கும். சிலருக்கு அந்தச் சில மணி நேரம் நினைவிலேயே தங்காது.

"நாளைக்கு ஃபாதர் அவகிட்ட இன்னாக்கா கேப்பாரு?"

"எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். முழு விருப்பத்தோட வந்திருக்கியா..."

மெட்டில்டா பாதியில் நிறுத்தினாள். பூப்பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"நீ கேட்டியா அவள?" என்றாள் ஜான்சி.

"கேட்டேன். அழுதா. கல்யாணப் பொண்ணு அழாம? நான் அழலையா?"

அக்கா தன் கல்யாணத்தன்று அழுதாள்தான். ஜான்சிக்கு அப்போது பதினொரு வயது. வெட்கப்படுகிறாள் என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். அது வெட்கம்தானா என்று இந்த இருபத்தாறு வருஷத்தில் ஜான்சியும் கேட்டதில்லை, அக்காவும் சொன்னதில்லை.

"சரி, அரை குடு. அரை மாத்திரைல இன்னாடி ஆயிடப்போவுது?" குரல் இறங்கியிருந்தது.

ஜான்சி இழுப்பறையை மூடிச் சாவியைத் திருப்பினாள்.

"இல்லக்கா. ரோஸிய இங்க அனுப்பு. எதுக்குப் பயப்படுறான்னு நான் கேக்குறேன்."