சிவப்புத் தாடிக்காரனைத் தேடி

ஏலத்தில் ஒரு பழைய ஜி.டி.ஓ. கார் இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று டிவியில் காட்டுகிறார்கள். பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. 1980-ல் நான் என்னுடைய 1968 மாடலை முன்னூற்றைம்பது டாலருக்கு வாங்கினேன். விற்றது ஒரு நர்ஸம்மா. பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தப் பெரிய எஞ்சினுக்குத் தீனி போட்டு அவருக்கு அலுத்துவிட்டது. "எடுத்துட்டுப் போப்பா, வாசல் காலியானா போதும்" என்று சாவியைக் கையில் திணித்தார். எங்கள் ஒஹையோ பக்கம் தெருவுக்கு இரண்டு கார் அப்படி விலை போகாமல் நின்றது. இரும்பாலைகளை மூடினார்கள் அல்லவா, வேலை போனவர்கள் முதலில் காரைத்தான் விற்றார்கள். வாங்கியது என்னைப் போல வேலை போகாமல் தப்பியவர்கள். அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தகடு அடிக்கும் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மிஷினில் நின்றவன் மெர்ல். அவனும் அதே வருட மாடல் ஜி.டி.ஓ. ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கினான். என்னுடையது பச்சை, அவனுடையது கருநீலம். இரண்டிலும் ஒரு சாமான் மட்டும் குறை. அந்த வருடக் கார்களில் சிலவற்றுக்கு மட்டும், எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டரை உள்ளே வைக்காமல் வெளியே, பானெட்டின் மேல், ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேராக வைத்திருந்தார்கள். மழையில் உள்ளே ஆவி படியும், வெயிலில் முள் தெரியாது. உருப்படியான பிரயோஜனம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் எங்களுக்கு அது வேண்டும். எங்கள் கார்களில் முன்பு வைத்திருந்தவர்கள் யாரோ அதைக் கழற்றிவிட்டு, ஓட்டையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை ஆனால் நாங்கள் பெர்னிஸ் அம்மாளின் காயலான் கடைக்குப் போய்விடுவோம். கடை என்றால் பதினைந்து ஏக்கர் நிலம், வரிசை வரிசையாகச் செத்த கார்கள். வேண்டியதை நாமே கழற்றி வாசலில் இருக்கும் தகரக் கொட்டகைக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே பெர்னிஸ் சாமானைப் பார்க்க மாட்டார், நம் முகத்தைப் பார்த்து விலை சொல்வார். ரொக்கம் மட்டும்தான். "அடுத்த வாரம் வர்றேன், எடுத்து வைங்க" என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் ஆசை தெரிந்துவிடும், விலை இரட்டிப்பாகும்.

அதனால் எல்லோரும் ஒளித்துவைப்போம். கையில் பணம் இல்லாத நாளில் நல்ல சாமான் கிடைத்தால், யாரும் சீண்டாத வேறொரு காரில், சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ செருகிவிட்டுச் சம்பளம் வந்ததும் போய் எடுப்போம். அடுத்தவன் ஒளித்துவைத்தது கண்ணில் பட்டால் மூடிவைத்துவிட்டு நகர வேண்டும். இது எங்கும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் மீறினவனை அந்தப் பக்கம் ஒருவனும் மதிக்க மாட்டான்.

நான் மீறினேன்.

1983 ஏப்ரல், ஒரு சனிக்கிழமை. அன்று மெர்ல் வரவில்லை. ஒரு ராம்ப்ளர் வண்டியின் பின்சீட்டைத் தூக்கினேன். தேடிப்போனது சீட்டுக் கம்பி. கிடைத்தது சிவப்புக் கட்டம் போட்ட பழைய கம்பளிச் சட்டை ஒன்று, அதற்குள் அந்த மீட்டர். கண்ணாடியில் கீறல்கூட இல்லை. யாரோ ஒளித்துவைத்தது என்று தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரிந்தது. சீட்டை மூடிவிட்டுப் பத்தடி நடந்தேன். பிறகு திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன். பெர்னிஸ் என் முகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு டாலர் என்றார். ஞாயிற்றுக்கிழமை பச்சைக் காரில் மாட்டி, வீதி வீதியாக ஓட்டிப் பார்த்தேன்.

திங்கள் மதியச் சாப்பாட்டில் மெர்ல் என் காதருகே குனிந்தான்.

"டேய் ரூடி, கெடச்சிருச்சுடா."

"என்னது?"

"மீட்டர்தான், வேறென்ன. வெள்ளிக்கிழமை பாத்தேன். கையில காசில்ல. ராம்ப்ளர்ல பின்சீட்டுக்கடியில வெச்சிட்டு வந்திருக்கேன். எங்கப்பா சட்டையத்தான் கழட்டிச் சுத்தி வெச்சேன், குளிர்ல பனியனோட வீட்டுக்கு வந்தேன். நாளைக்குப் போய்த் தூக்கிடறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். "அட, அது உன்னுதாடா?" என்று சிரித்து, மாலையே கழற்றிக் கொடுத்திருந்தால் ஒரு பீரோடு முடிந்திருக்கும். நான் சாண்ட்விச்சை மென்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை அவன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். முகம் செத்திருந்தது. "எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான்டா. மீட்டர் போனாப் போகுது, அப்பா சட்டையையும் சேத்து எடுத்துட்டான் படுபாவி. இரும்பாலைக்கு அதத்தான் போட்டுட்டுப் போவாரு." சொல்லிக்கொண்டே திரும்பியவன் என் பானெட்டைப் பார்த்தான்.

"இது எங்கடா கெடச்சுது?"

"பென்சில்வேனியாவுல, பழைய கார் சாமான் சந்தையில" என்றேன். வாய் தானாகப் பேசியது. "ஞாயித்துக்கிழமை சும்மா போனேன். ஒரு சிவப்புத் தாடிக்காரன் வித்துட்டிருந்தான். இடது கையில ரெண்டு விரல் இல்ல அவனுக்கு. உனக்கும் கெடச்சதும் காட்டலாம்னுதான் நேத்து சொல்லல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்கிறவனுக்கு நிறுத்தத் தெரியாது. "வீட்ல இன்னும் ரெண்டு இருக்குன்னான்" என்றும் சேர்த்தேன்.

மெர்ல் என் தோளைத் தட்டினான். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தனுக்காவது கெடச்சுதே. சந்தோஷம்டா." மனதாரச் சொன்னான். அடுத்த மூச்சில், "அப்ப அடுத்து அக்டோபர்ல அந்தச் சந்தை கூடறப்ப நாமளும் போவோம். நீதான் ஆளப் பாத்தவன், நீ வந்தாத்தான் அடையாளம் தெரியும்" என்றான்.

போனோம். ஒரு வருடம் இல்லை, எட்டு வருடம்.

ஒவ்வொரு அக்டோபரிலும் அவனுடைய பிக்கப்பில் நாலு மணி நேரப் பயணம். சேற்று மைதானத்தில் ஆயிரக்கணக்கான மேசைகள், துருப்பிடித்த பம்பர், கழற்றிப் போட்ட கார்புரேட்டர், பொரித்த மாவு வாசனை. மெர்ல் மேசை மேசையாக நின்று, "சிவப்புத் தாடி, ரெண்டு விரல் கம்மி, அப்படி யாரையாவது பாத்தீங்களா?" என்று கேட்பான். ஒருத்தன், "போலீஸா நீங்க?" என்றான். இன்னொருத்தன் எங்களை வட கோடிக்கு அனுப்பினான், அங்கே இருந்தது ஒரு கறுப்புத் தாடி. நான் பின்னாலேயே நடப்பேன். இல்லாத ஒருவனைத் தேடி வருடத்துக்குப் பத்து மைல் நடக்கிற தண்டனையை எனக்கு நானே வாங்கிக்கொண்டேன்.

அவனுக்குத் தெரியாமல் வேறொரு மீட்டர் தேடாமலும் இல்லை. விளம்பரம் பார்த்து மிசூரிக்குக் கடிதம் போட்டேன், வந்தது வேறு வருடத்துச் சாமான். டென்னசியிலிருந்து வந்ததைப் பிரித்தால் கண்ணாடி மூன்று துண்டு. கிடைத்திருந்தால் என்ன சொல்லிக் கொடுத்திருப்பேன்? சிவப்புத் தாடிக்காரன் தபாலில் அனுப்பினான் என்றா? அந்தச் சட்டை என் வீட்டு நிலவறையில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. எரிக்க மனம் வரவில்லை.

1991-ல் மெர்ல் தன் மீன்பிடிப் படகை விற்றான். "இந்தத் தடவ பணத்தோட போறோம்டா. ஆளப் பாத்து, காசில்லன்னு திரும்பி வந்தேன்னு வெச்சுக்கோ, என்னய நானே செருப்பால அடிச்சுக்கணும்." உறையைச் சட்டைப் பையில் வைத்துப் பித்தான் போட்டுக்கொண்டான்.

மதியம் இருக்கும். மெர்ல் என் கையைப் பிடித்த பிடியில் வலித்தது.

"அங்க பாருடா!"

மடக்கு நாற்காலியில் ஒருவன் ரொட்டிக்குள் சாஸேஜ் வைத்துத் தின்றுகொண்டிருந்தான். செக்கச்செவேல் என்று தாடி. அவன் மேசையில், துணி விரித்து, ஒரே ஒரு மீட்டர். எனக்கு வியர்த்துவிட்டது.

"விரல எண்ணு" என்று கிசுகிசுத்தான் மெர்ல். எண்ணினோம். பத்தும் இருந்தது.

"அவன் இல்லடா" என்றேன். உயிர் வந்தது எனக்கு.

"நீ அன்னிக்கு ஒழுங்கா பாக்கல போடா. க்ளவுஸ் கிளவுஸ் போட்டிருந்திருப்பான்." நேரே போய் நின்றான். "தலைவரே, எட்டு வருஷம் முன்னாடி இவனுக்கு ஒரு மீட்டர் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? பச்சைக் கார்."

தாடிக்காரன் என்னைப் பார்த்தான். ஒரு தடவை கண் சிமிட்டினான். பிறகு முகம் மலர்ந்தது. "அடடே! மறக்க முடியுமா? வாங்க சார், எப்படி இருக்கீங்க? பச்சைக் கார் ஓடுதா? அதோட ஜோடிதாங்க இது. அறுநூறு."

என் வாழ்நாளில் என்னை இப்படி ஒருவன் பொய்யில் ஜெயித்ததில்லை. மீட்டரை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் கம்பெனி முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த தடம், பளபளவென்று புதிதாக. நகல்.

"வேணாம் மெர்ல், இது டூப்ளிகேட்."

"என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க?" என்றான் தாடிக்காரன், வருத்தம் பொங்க. "நான் குடுத்தது எட்டு வருஷமா உங்க வண்டியில ஓடுதா, இல்லியா? அத உங்க ஃப்ரெண்டுகிட்ட நீங்களே சொல்லுங்க."

"ஓடுதேடா" என்றான் மெர்ல். "அதே ஆளு, அதே சரக்கு. அப்புறம் என்ன?" பித்தானைக் கழற்றி உறையை வெளியே எடுத்தான்.

என் பொய்தான் அந்த நகலுக்குக் கேரண்டி. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் படகு போகும், எனக்கு ஒன்றும் ஆகாது. இன்னும் இருபது வருடம் நண்பனாக இருக்கலாம். உறை மேசைக்குமேல் நீண்டது.

"நான் இவர்கிட்ட வாங்கல" என்றேன்.

"என்ன?"

"யார்கிட்டயும் வாங்கல. ராம்ப்ளர்ல எடுத்தேன். பின்சீட்டுக்கு அடியில. உங்கப்பா சட்டை சுத்தியிருந்துச்சு."

தாடிக்காரன் சாஸேஜைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டான். மெர்ல் உறையைப் பைக்குள் வைத்து, மெதுவாகப் பித்தான் போட்டான்.

"எட்டு வருஷம்" என்றான். "கூடவே நடந்தியேடா."

நாலு மணி நேரம் ரேடியோ போடாமல் ஓட்டினான். என் வீட்டு வாசலில் நிறுத்தி, முன்னால் பார்த்தபடி கேட்டான்.

"சட்டை எங்க?"

"வெச்சிருக்கேன்."

"எங்க எடுத்தியோ அங்கயே கொண்டுபோய் வை. நான் எடுத்துக்கறேன்."

மறுநாளே மீட்டரைக் கழற்றினேன். சட்டையில் சுற்றிக்கொண்டு போனேன். பெர்னிஸுக்கு எண்பது தாண்டியிருந்தது, கண் மட்டும் கூர்மை. "என்னடா ரூடி, எல்லாரும் இங்கேருந்து வெளிய எடுத்துட்டுப் போவாங்க, நீ உள்ள கொண்டு போற?" ராம்ப்ளரைக் கேட்டேன். அதை நசுக்கி விற்று ஐந்து வருடம் ஆகிவிட்டதாம். அது நின்ற இடத்தில் இப்போது ஏதோ ஒரு பழுப்பு வண்டி. அதன் பின்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். மெர்லிடம் சொல்லலாம் என்றால் அவன் வேறு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டுவிட்டான்.

அடுத்த மூன்று வாரமும் நான் பட்ட பாடு! வேறு எவனாவது, என்னைப் போல ஒருவன், சீட்டைத் தூக்கியிருந்தால்? சனிக்கிழமைகளில் வேலி வரை போவேன், உள்ளே போகத் தைரியம் வராது. எனக்கு அந்தக் கார் வெறுத்துவிட்டது. ஒரு நாள் அதற்குள் உட்கார்ந்து அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை. வாசலில் ஹாரன் கேட்டது. கருநீல ஜி.டி.ஓ. அதன் பானெட்டின் மேல் மீட்டர், கண்ணாடிக்குள் ஆவி படிந்து, முள் தெரியாமல். மெர்ல் ஜன்னலைக் கால்வாசி இறக்கினான். என் காரைப் பார்த்தான்.

"அந்த ஓட்டைய எதால அடைச்சிருக்க?"

"காபி டப்பா மூடி."

"கேவலமா இருக்கு."

"ஆமா."

மழை கொட்டியது. நான் நனைந்துகொண்டு நின்றேன்.

"இண்டியானால இன்னிக்கு ஒரு சந்தை இருக்காம்" என்றான். "ஏறு."

"எதுக்குடா?"

"உன் வண்டிக்கு மீட்டர் வேணாமா? அந்தச் சிவப்புத் தாடிக்காரன் வீட்ல இன்னும் ரெண்டு இருக்குன்னு நீதானடா சொன்ன?"

சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கதவைத் திறந்தேன். என் பக்கத்துச் சீட்டில் அந்தச் சிவப்புக் கட்டச் சட்டை, துவைத்து மடித்து இருந்தது. எதற்கு என்பதுபோல் அவனைப் பார்த்தேன்.

"மடியில வெச்சுக்கோ" என்றான், கியரைப் போட்டுக்கொண்டே. "கெடச்சா சுத்தி எடுத்துட்டு வர ஒரு துணி வேணாமா?"