உம்மு ஹிலால் குடிக்காத காப்பி

ஷாகிர் உஸ்தாத் தங்கள் ஊர் அத்திமரத்தைப் பற்றிக் கவிதை எழுதிய மறுநாள் காலை, அந்த மரம் சைதா நகரத்து அகதி முகாமில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றது. தேர் லோஸ் கிராமத்திலிருந்து துரத்தப்பட்டு எல்லை தாண்டி வந்தவர்கள்தான் அந்தச் சந்து முழுக்க. சுற்றி வந்து பார்த்தார்கள். கழுதை கட்டிக் கட்டித் தேய்ந்த தழும்புகூட அப்படியே இருந்தது. குடம் வைக்க இடம் போச்சே என்று சிலர் முணுமுணுத்தார்கள், மற்றவர்கள் பழம் பறித்துத் தின்றார்கள். அடுத்த குளிர்காலத்தில், அவர் எழுதிய மறுநாளே, ஊர்ப் பொது ரொட்டி அடுப்பு வந்தது, உள்ளே கரியோடு. பிறகு கிணற்றுச் சுவர். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த அந்த ஒண்டிக்கட்டை வாத்தியார் ஷாகிர் உஸ்தாத்தின் வாசலில், எங்கள் மாதுளையை எழுதுங்கள், எங்கள் வாசற்படியை எழுதுங்கள் என்று கூட்டம் நெரிந்தது.

சந்துக்காரர்களின் உறவுக்காரி, டென்மார்க்கில் குடியேறிய லமீஸ் வந்ததும்தான் கதை மாறியது. அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்ததால் அவள் தேர் லோஸைப் போய்ப் பார்க்க முடிந்திருந்தது. அத்திமரம் இருந்த இடத்தில் பள்ளம் என்றாள். அடுப்பு இருந்த இடத்தில் வெளுத்த மண். கிணற்றுக்குச் சுவரே இல்லை. சந்து கணக்குப் போட்டது. புல்டோசர் விட்டுவைத்த மிச்சத்தை இந்த ஆள் இங்கே உட்கார்ந்துகொண்டே காலி செய்துகொண்டிருந்தாரா? எல்லாம் இங்கே வந்துவிட்டால் திரும்பிப் போக அங்கே என்ன இருக்கும்? நம்மைத் துரத்தியவர்களிடம் சம்பளம் வாங்குகிறாரா? அன்று முதல் அவர் சலாம் சொன்னால் ஆட்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அத்திப்பழத்தை மட்டும் தொடர்ந்து தின்றார்கள், அது வேறு விஷயம்.

எல்லோரையும்விட அதிகம் சந்தேகப்பட்டவள் எதிர்வீட்டு உம்மு ஹிலால். ஹிலாலின் தாய் என்று அர்த்தம். அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. மகன் ஹிலால், எல்லோரும் ஊரை விட்டு ஓடிய வருஷத்துக்கு முந்தைய வசந்தத்தில் காய்ச்சலில் செத்து, ஊர் எல்லையில் மூன்று கற்களுக்குக் கீழே கிடந்தான். லமீஸ் சொன்னதைக் கேட்டதும் அவள் நேரே உஸ்தாத் வீட்டுக்குப் போனாள். அவர் காப்பி போட்டுக் கொடுத்தார். அவள் கோப்பையைத் தொடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கும்வரை வந்தவர் குடிப்பதில்லை, அது அவர்கள் வழக்கம்.

"குடிம்மா உம்மு ஹிலால், ஆறிடும்."

"ஆறட்டும். எம்புள்ளய எழுத மாட்டேன்னு சொல்லு."

"நான் எதுக்கு அவன எழுதப் போறேன்?"

"என்னைக் கூப்பிடறப்பெல்லாம் அவன் பேருதானே உன் வாயில வருது? அந்த ஊர்ல நம்ம ஆளுன்னு இன்னும் இருக்கறது அவன் ஒருத்தன்தான், உஸ்தாத். அவனையும் இங்க இழுத்துட்டு வந்துட்டா அங்க யாரு இருக்கா?"

"எழுத மாட்டேன். சத்தியம்."

"உன் சத்தியத்த யாரு நம்புவா? இவ்வளவு கொண்டாந்தியே, ஒரு கல்லையாவது திருப்பி அனுப்பத் தெரியுமா உனக்கு?"

"தெரியல. கத்துக்கறேன்."

அவள் குடிக்காமலே எழுந்து போனாள். அதைவிடப் பெரிய அவமானம் அந்தச் சந்தில் கிடையாது. உஸ்தாத் கோப்பையின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து அங்கேயே விட்டுவிட்டார்.

வருஷங்கள் போயின. போர் வந்தது, தகரக்கூரைகள் சிமெண்டாயின, உஸ்தாதுக்குக் கண் மங்கியது, மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காதை நூலால் கட்டிக்கொண்டார். புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. வெளியே எழுதாதவன் உள்ளுக்குள் எழுதுகிறான் என்று உம்மு ஹிலால் சந்தேகப்பட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு, தினமும் காலையில் சந்து முனைவரை நடந்து, மூன்று கற்கள் வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் ரொட்டி சுட்டாள்.

ஒரு நாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் உஸ்தாத் அத்திமரத்தடியில் நின்று கவிதை சொன்னார். ஒரு கிழவன் நடக்கிறான், மூட்டு வலிக்கிறது, காற்று வரும் பக்கமாகப் படுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். மகன் பெயர் வருகிறதா என்று உம்மு ஹிலால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். வரவில்லை. மறுநாள் உஸ்தாத்தின் படுக்கை காலியாக இருந்தது. சம்பளம் வாங்கப் போய்விட்டார் என்று சந்து சிரித்தது.

அடுத்த கோடையில் லமீஸ் மறுபடி வந்தாள். "அந்த மூணு கல்லுக்குப் பக்கத்துல புதுசா யாரையோ அடக்கின நீளக் கபர் ஒண்ணு இருக்கு. மேல ஒரு மூக்குக்கண்ணாடி, நூல் கட்டினது" என்றாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள் உம்மு ஹிலால்.

"காத்து வர்ற பக்கம்."

உம்மு ஹிலால் எதிர்வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அத்தனை வருஷமாக அவரைச் சந்தேகித்ததை நினைத்து வாய்விட்டு அழுதாள். ஜன்னல் விளிம்பில் தட்டை எடுத்தபோது காப்பியிலிருந்து ஆவி வந்தது. உட்கார்ந்து, நாக்கு சுடாமல் ஊதி ஊதி, கசடுவரை குடித்தாள். பிறகு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசலில் கூடி நின்ற பெண்களிடம் சொன்னாள்:

"அங்க இப்ப நம்ம ஆளு ரெண்டு பேரு."