பாதியில் அறுந்த பாட்டு

...கூடாது, பழுதான டிஸ்க்கில் நேரடியாகக் கை வைக்கவே கூடாது, முதலில் அப்படியே ஒரு நகல், வைத்தியமெல்லாம் நகலுக்குத்தான், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லின் கம்ப்யூட்டர்களை மேய்க்கிற மெல்வின் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான், பேக்கப் எடுங்க பேக்கப் எடுங்க என்று... சொந்த வீட்டில் எடுத்தானா? ஊருக்குத்தான் உபதேசம். செத்துப்போன அம்மா ஞானரத்தினம் பாடினது அம்புட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரின் இந்த ஒரு டிஸ்க்கில்தான் கிடக்கிறது, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பாடுவாள், நடுவில் பதிவு செய்கிற அவனைப் பார்த்து "ஏலே, போதும்ல, அமத்து" என்பாள், அந்த அதட்டல் போனால் வேறெங்கே போய்க் கேட்பது... நகல் தயார், இனி லினக்ஸ் அதைச் சோதித்து ஒவ்வொரு பிழையாகக் கேட்கும், சரிசெய்யட்டுமா, செய், சரிசெய்யட்டுமா, செய், ஆண்டவரே, எல்லாம் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் அறுந்த கோளாறு, அதுவும் பல தடவை, வீடு இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்படியா கரண்ட் போகிறது? அடுப்படியில் அப்பா வேதசிரோமணி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ப்ளக்கைக் கழட்டுனீங்களாப்பா?"

"இடி இடிச்சுதுல. அதான்."

இடியா, இந்த மாதம் முழுக்க மலைப்பக்கம் ஒரு மேகம்கூட இல்லையே... இதோ, பெயரைத் தொலைத்த கோப்புகள் வெறும் எண்களாக வந்து ஒதுங்குகின்றன, ஒன்றைத் திறந்தான், அவரைக்காய் நறுக்கும் சத்தம், பிறகு அவள் குரல், சட்டென்று நிறுத்திவிட்டான். எது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்கத் தேதிகளைப் பார்த்தான், கடைசியாகத் திறந்த தேதி நேற்று, இது முந்தாநாள், இது போன வாரம்... யார் திறந்தது? அடக்கத்துக்குப் பிறகு அவனுக்கு இதைத் தொடவே தைரியம் வந்ததில்லை, அப்பாவோ, பாட்டெல்லாம் போடாதல, அவ கர்த்தர்கிட்ட நிம்மதியா இருக்கா, என்று அன்றைக்கே சொல்லிவிட்டவர். மெஷின் திடீரென்று நின்ற நேரங்களைத் தேடினான், எல்லாம் சாயங்காலம், மில் விட்டு அவன் பைக் தெருவுக்குள் திரும்புகிற நேரம்... முறையாக அணைக்க அப்பாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், பைக் சத்தம் கேட்டதும் கைக்கு எட்டினது ப்ளக்தான்.

காப்பியை மேஜையில் வைத்துவிட்டு அப்பா போகாமல் நின்றார். "கெடச்சுட்டாளால?"

"கெடச்சுட்டாங்கப்பா."

தலையாட்டினார், துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அணைக்கச் சொல்லிக்கொடுக்கலாமா, கொடுத்தால் தனக்குத் தெரிந்துவிட்டது அவருக்குத் தெரிந்துவிடும், பிறகு கேட்பதையே விட்டுவிடுவார், பிடிவாதக்காரர், சொல்லாவிட்டால் டிஸ்க் தாங்காது... இத்தனை நாள் மனுஷன் தனியாகப் பேச்சுத்துணை இல்லாமல் இருக்கிறாரே என்றுதானே அவன் அந்த வண்டியை அவ்வளவு வேகமாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான், அப்படியானால் தினமும் அம்மாவைப் பாதிப் பாட்டில் நிறுத்தியது அந்த அவசரம்தானா...