சரணத்தில் ஏறும் இடம்

ஜெயராமன் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை அவர்மேல் ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. மானம் வேட்டி மாதிரி, இடுப்பில் இருக்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள், நழுவினால் ஊரே பார்க்கும் என்பார். மகன் ஸ்ரீநாத் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வாங்கிய ஃபிளாட்டுக்குக் குடிவந்த பிறகும், கீழே இறங்கிப் பால் வாங்குவதற்குக்கூட இஸ்திரி போட்ட சட்டைதான்.

அப்படிப்பட்டவர் அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் தன் அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் அவர் மனைவி பத்மா பாடிக்கொண்டிருந்தாள்.

"இதுவும் வேணாம் அத்தை," என்றாள் மருமகள் லாவண்யா. "பல்லவியைக் கேட்டு ஏமாந்துடறோம். பல்லவி எல்லாருக்கும் வரும். சரணத்துல ஏறுற இடத்தைத்தான் முதல்ல பாடிப் பாக்கணும். அங்க தாங்கினா அது நம்ம பாட்டு."

"அங்க போனாலே கோழியைக் கழுத்தைப் பிடிச்ச மாதிரி கீச்சுங்குது எனக்கு."

"இருங்க, சுருதியை இறக்கிப் பாக்கறேன்."

லாவண்யா போனில் நாலைந்து தட்டுத் தட்டினாள். வயலின்கள் தூக்கக் கலக்கத்தில் இழுத்தன. தபேலா கோணிப்பையில் அடித்தாற்போல் பொத்துப் பொத்தென்றது. மாமியாரும் மருமகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஞாயிறு மாலை குடியிருப்பின் ஆண்டு விழா. அதில் கரோக்கி உண்டு. பாட்டில்லாமல் வெறும் இசை மட்டும் ஓட, விருப்பப்பட்டவர்கள் மைக்கைப் பிடித்துப் பாடலாம். லாவண்யா அத்தையின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

பத்மாவுக்குக் கனத்த குரல். கேஸ் சிலிண்டர் புக் பண்ணப் போன் எடுத்தால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்பார்கள். திருத்தி அலுத்துப்போய் அவளும் சாராகவே பேசி முடித்துவிடுவாள். இதற்கெல்லாம் சிரிப்பவள்தான். ஆனால் ஜெயராமன் பெண் பார்க்கப் போன அன்று அவள் சிரிக்கவில்லை. செய்யாற்றில், ஜமக்காளம் விரித்த கூடத்தில், பெண்ணைப் பாடச் சொன்னார்கள். வீட்டில் அக்கா பாடுகிற பாட்டையே, அக்கா பாடுகிற ஐந்தரைக் கட்டை சுருதியிலேயே பாடும்படி அவள் அம்மா சொல்லியிருந்தாள். பத்மாவுக்கு மூன்று கட்டையைத் தாண்டினால் குரல் உடையும். உடைந்தது. "பாடறது பொண்ணா, பொண்ணோட அப்பனா?" என்றாள் ஜெயராமனின் அத்தை. கூடமே சிரித்தது. தலை குனிந்த பெண்ணைப் பார்த்தபடி, இவளைத்தான் கட்டுவது, இவளைப் பார்த்து இனி ஒருவரையும் சிரிக்க விடுவதில்லை என்று அவர் அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்.

எடுத்த முடிவுபடியே காத்தார். கொலுவோ வளைகாப்போ, யாராவது பத்மாவைப் பாடச் சொன்னால், அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர் குரல் வரும்: "அவளுக்குப் பாட்டெல்லாம் வராது." வேலி கட்டியவனுக்குரிய நிறைவு அவருக்கு இருந்தது.

கூடத்தில் லாவண்யா வேறு வழி பிடித்திருந்தாள்.

"பொம்பளைங்க பாட்டே வேணாம் அத்தை. ஆம்பளைங்க பாடினது எடுப்போம். சுருதியை ரெண்டு தட்டு ஏத்தினா உங்க குரலுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி நிக்கும். ஒரு தத்துவப் பாட்டு?"

"பிரியாணி சாப்பிட வந்தவங்ககிட்ட வாழ்க்கை மாயம்னு பாடச் சொல்றியா?"

"அப்ப ஒரு தாலாட்டு?"

"ஏன், தூங்கிடுவாங்கன்னா? போடி. காதல் பாட்டா போடு."

அறைக்குள் பேப்பர் சரசரத்தது.

ஒரு படகுப் பாட்டு ஓடியது. லாவண்யா நேரே சரணத்துக்குத் தள்ளிவிட்டாள். ஏறும் இடம் வந்தது. பத்மா ஏறினாள். உடையவில்லை. அடி வயிற்றிலிருந்து எழுந்த அந்தக் குரல் கூடத்தைத் தாண்டி, சாத்திய கதவுக்குள் அவரிடம் வந்தது. லாவண்யா கைதட்டினாள். ஜெயராமன் பேப்பரை மடித்து வைத்தார். 'கண்ணே' என்று ஓர் ஆண் ஒரு பெண்ணைக் கூப்பிடுகிற பாட்டு. அதை நூறு குடும்பத்துக்கு முன்னால், அறுபது தாண்டியவள், இந்தக் குரலில் பாடினால்? யாராவது ஒருவன் சிரிப்பான். ஒருவன் போதும்.

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சங்கச் செயலாளர் பால்ராஜ் வீட்டுக்குப் போய், பத்மாவின் பெயரை எடுத்துவிடச் சொன்னார். உடம்பு சரியில்லை என்றார். அவர் வாயில் பொய் வருவது அபூர்வம்.

அந்தப் பொய் ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. சனிக்கிழமை காலை கீரைக்காரரிடம் பத்மா பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பால்ராஜ் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா, உடம்பு எப்படி கீது? சார் சொன்னாரே" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பத்மா மேலே வந்தாள். கீரையை மேசைமேல் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"என் பேரை எடுக்கச் சொன்னீங்களா?"

"ஆமா. உனக்காகத்தான். நாலு பேர் சிரிச்சா என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"அன்னிக்குச் சிரிச்சது உங்க அத்தை. அவங்க ஒரு தடவைதான் சிரிச்சாங்க." அவள் கீரைக் கட்டை அவிழ்த்தாள். "பாட்டு வராதுன்னு வருஷக்கணக்கா சொன்னது நீங்க. என் குரல் உங்களுக்கு அவமானம்னு நெனைச்சுக்கிட்டேன். குளிக்கறப்பக்கூட தண்ணியைத் திறந்துவிட்டுத்தான் பாடுவேன், தெரியுமா?"

தெரியாது. மோட்டார் போட்ட தண்ணீர் இப்படி வீணாகிறதே என்று அவர் எத்தனையோ முறை குளியலறைக் கதவைத் தட்டியிருக்கிறார்.

பத்மா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். காம்பும் இலையுமாகக் குவியல் பிரிந்தது. அவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்க?"

"வர்றேன்."

கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்குவது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். பால்ராஜ் வாசலில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மணியை அழுத்தினார்.

"இன்னா சார் இது? நேத்து எடுன்றீங்க, இன்னிக்குப் போடுன்றீங்க. அம்மாவுக்கு ஒடம்பு சரியாயிடுச்சா?"

"அவ உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் சொன்னது பொய்."

பால்ராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி வுடுங்க சார். கடைசில ஒரு எடம் கீது, அதுல சொருவிடறேன்."

"கடைசியில வேணாம். கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் போயிடும். நடுவில போடுங்க. நல்லா எல்லாரும் உட்கார்ந்திருக்கிற நேரமா."

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. பத்மா நீலப் பட்டில் மேடை ஏறினாள். லாவண்யா போனை இணைத்து, இரண்டு தட்டு ஏற்றி, கட்டை விரலைக் காட்டினாள். படகுப் பாட்டின் இசை தொடங்கியது. பத்மா வாயைத் திறந்த முதல் சொல்லிலேயே, பின் வரிசையில் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

ஜெயராமன் எழுந்துவிட்டார்.

எழுந்து என்ன செய்வதாக இருந்தார் என்று அவருக்கே தெரியாது. மேடையிலிருந்து பத்மா பார்த்தாள். பாட்டை விடாமல், இடது கையை மெல்லத் தாழ்த்தி, உட்காருங்கள் என்று காட்டினாள். அத்தனை பேர் முன்னால் அவள் அவருக்கு உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை. உட்காரக் கால் மடங்கவில்லை. அப்படியே நின்றார்.

"சார், மறைக்குது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சரணம் வந்தது. ஏறும் இடம் நெருங்க நெருங்க முன்னிருந்த நாற்காலியின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பத்மா கண்ணை மூடவில்லை, கழுத்தைத் தூக்கவில்லை. வீட்டு மாடிப்படி ஏறுகிறவள்போல் நிதானமாக ஏறி, அங்கே நின்று, ஒரு மூச்சுக் காலம் நீட்டி, இறங்கினாள். சிரித்த அந்த இருவரில் ஒரு பெண் வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. ஜெயராமன் தட்டவில்லை. நாற்காலியை விட்டுக் கையை எடுக்க அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சாப்பிட்டு முடித்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தப் பாட்டுல கண்ணே கண்ணேன்னு வருதே. அத யாரைப் பாத்துப் பாடின?"

"எதிர்ல ஒருத்தர் நட்டுவெச்ச கம்பம் மாதிரி நின்னாரே," என்றாள் பத்மா. "அவரைத் தவிர வேற யாரு கண்ணுக்குத் தெரிஞ்சாங்க?"

லிஃப்டு வந்து கதவைத் திறந்தது. அவர் ஏறவில்லை.

"படியிலேயே போலாம்," என்றார். "மெதுவா. இன்னொரு தரம் பாடிக்கிட்டே வா."

"இங்கயா? ஒவ்வொரு மாடியிலயும் ஆளு இருக்கே."

"இருக்கட்டும்."

அவள் பாட ஆரம்பித்தாள். அவர் ஒரு படி பின்னால், சத்தம் வராமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்.