நாலு கோடிப் பேர் பார்த்த நெல்சன்

செத்துப்போன பிறகு நூற்றுப் பதினெட்டு நாடுகளில் நாலு கோடிப் பேருக்கு அறிமுகமான ஒரே ஆள், இராயபுரம் பனைமரத்தொட்டியில் எங்கள் தெருவைச் சேர்ந்த நெல்சன்தான். இதில் ஒரு ஆள்கூட மிகை இல்லை. குறைத்துச் சொல்லிவிட்டதாக வேண்டுமானால் யாராவது சண்டைக்கு வரலாம். உயிரோடு இருந்த நாற்பத்தொரு வருடமும் அவனை ரேஷன் கடைக்காரருக்கே சரியாக அடையாளம் தெரியாது. இப்போது போர்ச்சுகலில் குழந்தைகள் அவன் படத்தை வரைந்து, கைலிக்கு நீலக் கட்டம் போட்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிறார்கள். எங்கள் தெருவில் மட்டும், செத்தபின் அவனை யாரும் பார்த்ததில்லை. அதுதான் இந்த விவகாரத்தின் வேடிக்கையும் வேதனையும்.

நெல்சன் காசிமேட்டிலிருந்து புறப்படும் ஒரு விசைப்படகில் வேலை பார்த்தான். படகை ஓட்டிய ஸ்ராங்கு அவனுடைய சொந்த அண்ணன் அருள்பிரகாசம். ஆழ்கடலில் ஒன்பதாம் நாள் விடியற்காலை, மற்ற ஏழு பேரும் கீழே ஐஸ் அறையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தபோது, நெல்சன் கால் வழுக்கிக் கடலில் விழுந்தான் என்று அண்ணன் கரைக்கு வந்து சொன்னார். உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகு அருள்பிரகாசம் படகு ஏறவில்லை. தினமும் காலையில் தம்பி வீட்டுக்கு வந்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தம்பி மனைவி எல்சி கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: “பூசை வெச்சிடலாம் எல்சி.” செத்தவனுக்கு வைக்கும் பூசையை எல்சி வைக்க மாட்டேன் என்றாள். காலையில் சொல்லிக்கொண்டு போனவன், போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவானா, அந்த வார்த்தை வந்து சேரட்டும், பிறகு பூசை வைக்கலாம் என்பது அவள் கட்சி.

அவள் மீன் வெட்டுகிறவள். வீட்டு முன்னறையில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தால் ஒரு கூடை சங்கராவை எட்டு நிமிடத்தில் முடிப்பாள். செதில்கள் பறந்து போய் கல்மண்டபத்தில் விழும். மகள் ஜானட் அதை ஃபோனில் எடுத்து யூடியூபில் போட ஆரம்பித்தாள். முதல் மூன்று மாதம் பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் ஒன்பது பேர் சொந்தக்காரர்கள். மீதி இரண்டும் ஜானட்டே. பிறகு ஒரு நாள் நார்வேயிலிருந்து ஒரு பெண்மணி கேள்வி போட்டாள். ஜானட் அதை ஃபோனிலேயே தமிழாக்கிப் படித்தாள். அம்மாவுக்குப் பின்னால், நீல டிரம்முக்குப் பக்கத்தில், சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருப்பவர் யார், அவருக்கு ஒரு துண்டு கொடுக்கக் கூடாதா என்று அதில் இருந்தது. ஜானட் வீடியோவைப் பதினேழு முறை ஓட்டிப் பார்த்தாள். டிரம் இருந்தது, காலண்டர் இருந்தது, ஆள் இல்லை. ஆனால் டிரம்முக்குப் பக்கத்தில் தரை ஈரமாக இருந்தது. எல்சி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. அன்றிலிருந்து அந்த ஈரம், சித்திரை மாத வெயிலிலும் காயவில்லை.

தெருமுனையில் மொபைல் கடை வைத்திருக்கும் அத்தாவுல்லாதான் விஷயத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். இராயபுரத்திலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தெளிவு. மணலியில் பார்த்தால் வெறும் சுவர். கொழும்பில் ஒரு நிழல். துபாயில் கைலியும் கால்களும். நார்வேயில் கழுத்து வரை நல்ல தெளிவு, அதற்கு மேல் கலங்கல். கனடாவில் முகம், மீசை, இடது புருவத்து வெட்டுத் தழும்பு எல்லாம் இருந்தன. பிரேசில்காரர்கள், உதடு அசைகிறது என்று எழுதினார்கள். சிலியில் ஒரு கிழவர், முணுமுணுப்புக் கேட்கிறது, மழை பெய்வதால் சரியாகப் புரியவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். உலகமே எட்டிப் பார்க்க வந்துவிட்டது. கமென்ட்டுகள், எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளைப் போல நின்றன. ஃபோன் சூடேறி ஜானட் அதன் மேல் இரண்டு தோசை வார்த்தாள். ஐஸ்லாந்து சேர்ந்த அன்று டிரம்மில் லாரித் தண்ணீர் ஒரு விரல் கனத்துக்கு உறைந்தது. பக்கத்து வீட்டு ரோஸ்மேரி உடைத்து வாங்கிப் போய் மீன் கூடையில் போட்டுக்கொண்டாள்.

எல்சி இதையெல்லாம் பார்த்து மயங்கவில்லை. அவன் தன்னிடம்தான் பேசுகிறான், தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தாள்; பெண்டாட்டியாக இருப்பவள் வேறெப்படி நினைப்பாள்? ஒவ்வொரு வீடியோவிலும் மீனை வெட்டி முடித்ததும் திரும்பி டிரம்மைப் பார்த்து, “சாப்ட்டியா?” என்று கேட்பாள். இந்த ஒரு சொல் நூற்றுப் பதினெட்டு நாடுகளுக்கும் பரவி, கனடாவில் தபால்காரர்கள் கதவைத் தட்டி வணக்கத்துக்குப் பதில் இதைச் சொன்னார்கள். ஆனால் பிரேசிலிலிருந்து ஒருத்தி தயங்கித் தயங்கி எழுதினாள்: அவர் உங்களைப் பார்ப்பதில்லை அம்மா, எப்போதும் வாசல் பக்கமே பார்க்கிறார். எல்சி இரண்டு நாள் வாசலைப் பார்த்தபடியே மீன் வெட்டினாள். மூன்றாம் நாள், வாசல் வழியாகத் தெருவில் எந்தெந்தப் பெண்கள் போகிறார்கள் என்று ஒரு கண் வைத்தாள்.

அருள்பிரகாசம் ஒருவர்தான் எதையும் நம்பவில்லை. “பிரேசில்ல கீறவனுக்குத் தெரியுதாம், இங்க குந்திகினு கீற எனக்குத் தெரியலியாம். இன்னா கலீஜ் கதமா இது? ஈரமா கீதா, டிரம்மு ஒழுவுது. எம்சீல் வாங்கி அடி,” என்பார். சொல்லிவிட்டு நாற்காலியை வாசலுக்கு வெளியே இன்னும் ஓரடி தள்ளிப் போட்டுக்கொள்வார்.

பேச்சைக் கேட்க இன்னும் தூரத்தில் ஆள் வேண்டும். அத்தாவுல்லா தன் பேத்தியின் உலக உருண்டையில் இராயபுரத்தில் குடைக்கம்பியைக் குத்தி நேராக இறக்கினார். மறுபுறம் அது பெரு நாட்டுக்கு மேற்கே வெகுதூரத்தில், வெறும் நீலத்தில் வந்து நின்றது. “ஊரே இல்லமா. தண்ணிதான்,” என்றார். எல்சி அலட்டிக்கொள்ளவில்லை. “தண்ணின்னா போட்டு வரும். போட்டுன்னா சமையக்காரன் இருப்பான். சமையக்காரனுக்கு மீன் வெட்டணும்,” என்றாள். அந்தக் கடலில் சூரை மீன் பிடிக்கும் கப்பல்கள்தான் சுற்றும் என்று ஜானட் படித்துச் சொன்னாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சங்கரா இல்லை, வஞ்சிரம் இல்லை, ஒன்றரை வருடம் சூரை மட்டுமே வெட்டப்பட்டது. தலைப்பு ஸ்பானிஷில் போனது. அங்கே கப்பலில் மதியச் சோறு முடிந்து ஆட்கள் கால் நீட்டும் நேரம் பார்த்து வீடியோ போனது. பேச்சைக் குறைத்து, கத்தி எலும்பில் உரசும் சத்தத்தை மட்டும் விட்டார்கள். நாலு லட்சம் நாற்பது லட்சமாகி, நாலு கோடியானது. தெருவே சூரை தின்று தின்று, பூனைகள்கூட வண்ணாரப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தன. எல்சிக்குக் கோடி ஒரு பொருட்டில்லை. தினமும் மகளைக் கேட்பாள்: “அந்தத் தண்ணிலேந்து யார்னா வந்தாங்களா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வரும்போது அந்தத் தண்ணீரிலிருந்து பதில் வந்திருந்தது. சூரைக் கப்பல் சமையல்காரர் ஒருவர், ரமோன் என்று பெயர், சரியாக அந்தக் குடைக்கம்பி முனையில் கப்பல் நின்றபோது பார்த்திருக்கிறார். ஆள் பேசுவது ஸ்படிகமாகக் கேட்டது, மொழி மட்டும் புரியவில்லை, ஆகவே கேட்டபடியே சொல்லி அனுப்புகிறேன் என்று ஒரு குரல் பதிவு. அத்தாவுல்லா மாதா திருவிழாவுக்குக் கட்டும் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து இணைத்தார். தெரு முழுக்க முன்னறையில் நின்றது; அந்த அறை எட்டுக்குப் பத்து, உள்ளே முந்நூறு பேர். அருள்பிரகாசம் வாசலில் இருந்தபடியே, “எவனோ சமையக்காரன் உளறுவானாம், மைக்செட்டு போட்டு கேப்பாங்களாம்,” என்றார்.

ஸ்பீக்கரில் ஓர் அந்நிய நாக்கு, ரகரத்தை உருட்டிக்கொண்டு, ஒரு வார்த்தைக்கும் பொருள் தெரியாமல், சுத்தமான இராயபுரம் பேசியது.

“ண்ணா. தோ பாருண்ணா. வல அடில மாட்டிகிச்சி, கவுறு என் கால சுத்திகிச்சி, போட்டு சாஞ்சுகினே போச்சி. நீ கவுத்த அறுத்த. அறுக்கலன்னா ஒம்போது பேரும் பூட்டிருப்போம். நீ பண்ணது கரீட்டு. எல்சிகிட்ட சொல்லிடுண்ணா. எத்தினி வருசமா தொண்ட காஞ்சி கத்திகினு கீறேன், நீ இந்தாண்ட திரும்பக்கூட மாட்ற.”

பதிவு முடிந்தது. எல்சி அரிவாள்மணையை விட்டு எழுந்து, கையைக் கழுவாமல், வாசலுக்கு வந்தாள். அவள் கோபமாக இருந்தாளா என்று கேட்டால், அன்று அங்கிருந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அவள் கேட்டது மட்டும் எல்லோருக்கும் ஒன்றுபோல நினைவிருக்கிறது.

“மாமா. இத அந்த சமையக்காரனுக்கு யார்னா சொல்லிக் குடுத்தாங்களா?”

ஏழு பேர் கீழே ஐஸ் அறையில் இருந்தார்கள். மேலே இருந்தவர்கள் இரண்டே பேர். அருள்பிரகாசம் எழுந்து, கூட்டம் விட்ட வழியில் நடந்து, டிரம்முக்குப் பக்கத்தில் அந்த ஈரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேட்டி மெதுவாக நனைந்தது. பக்கத்திலிருந்த வெறும் சுவரை, ஒரு முகத்தைப் பார்ப்பதுபோல, வெகுநேரம் பார்த்தார்.

“யாரும் சொல்லிக் குடுக்கல எல்சி,” என்றார். “அவன்தான் சொல்றான். நடந்துச்சி. இந்தக் கையாலதான் அறுத்தேன்.”