பல்லில் கடித்த பறி

நடனசபாபதி என்று ஒருவர். பழங்குடி மக்களின் உரிமைகளை ஆராய்ந்து பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டவர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அவர் ஆராய்ந்த பழங்குடி நாங்கள்தான், பிச்சாவரம் கழியில் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்.

2009 மாசியில் எங்களைப் பற்றி சர்க்காருக்கு அறிக்கை எழுதக் கழிக்கு வந்தார். ஷூ நனையக் கூடாதாம், கரையிலேயே நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் பூவரசன் கழுத்தளவு தண்ணீரில் இருந்தார். தொழிலில் எங்களுக்கு இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்திருப்போம். வாயைத் திறந்தால் பறி போய்விடும். இதுகூடத் தெரியாத அறிவாளி அங்கிருந்தே கத்தினார்.

"பாம்பு பிடிப்பீங்களா? எலி பிடிப்பீங்களா? தேன் எடுப்பீங்களா?"

என் வீட்டுக்காரர் தலையைத் தலையை ஆட்டினார். 'இருய்யா, கரைக்கு வந்து சொல்றேன்' என்று அர்த்தம். மகராசன் மூன்றுக்கும் 'இல்லை' போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

ஆவணியில் என் மகள் கனிமொழிக்கு நர்சிங்கில் இடம் கிடைத்தது. சாதிச் சான்று கேட்டுப் போனால், ஆபீசில் டாக்டரின் அறிக்கையை எடுத்துக் காட்டினார்கள்: 'பழங்குடி அடையாளம் எதுவும் இல்லை. இவர்கள் இருளர் அல்லர்.' ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது எங்கள் சோற்றிலேயே மண்ணைப் போட்டது.

அதே வாரம் சிதம்பரத்தில் அவருடைய கருத்தரங்கு. ஜீப் அனுப்பி எங்களைக் கூப்பிட்டார். மேடைக்கு நிஜமான இருளர் வேண்டுமாம்! சான்று தருகிற அதிகாரிதான் சிறப்பு விருந்தினர் என்று தெரிந்ததால் போனோம்.

பூவரசனை மேடையேற்றி, பறியைக் கடிக்கச் சொல்லி, "இவர்தான் இருளர்! இந்தக் கழியின் ஆதிகுடி!" என்று மைக்கில் முழங்கினார். ஒரே கைதட்டல்.

கனிமொழி விறுவிறுவென்று மேடையேறி, அப்பாவின் வாயிலிருந்து பறியை எடுத்தாள்.

"இப்பப் பேசுப்பா."

"ஆபீசர் ஐயா, மைக்குல நான் இருளன்றாரு. ஒங்களுக்கு எழுதுன பேப்பர்ல இல்லன்றாரு. எது பொய்யின்னு அவரையே கேளுங்க. காலேஜுல சேர நாளைக்குக் கடைசி நாளு, எம் பொண்ணு படிக்கணும்."

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "இப்பவே திருத்தி எழுதுங்க, டாக்டர்" என்றார். எழுதினார். வேர்த்து ஊற்றியது. கையெழுத்துப் போட்ட கையோடு, கொஞ்சமும் வெட்கமில்லாமல் என்னிடம் வந்தார்.

"ஒரே ஒரு போட்டோம்மா, புத்தகத்துக்கு. அவரை மறுபடி பறியைக் கடிச்சிக்கச் சொல்லுங்க."

அந்தத் தாள் அதிகாரியின் ஃபைலுக்குள் போய்விட்டதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு பறியை வாங்கி டாக்டர் கையில் கொடுத்தேன்.

"நீயே கடிச்சிக்கிட்டு நில்லுய்யா. நான் எடுக்கறேன்."